பயப்படாத உறவினர்

ரத்தம் கொடுப்பதற்கு உடம்பில் ரத்தம் இருந்தால் போதும் என்று லிஃப்ட் மெக்கானிக் முப்பத்துநான்கு வயது வரை நினைத்துக்கொண்டிருந்தார். அது தப்பு என்று அவருக்குத் தெரியவந்தது ஒரு வியாழக்கிழமை காலை பதினொன்று பத்துக்கு. தெரிந்துகொள்ள அதைவிட மோசமான நேரம் இருக்க முடியாது.

அன்று ஒன்பதரைக்கு அவர் மனைவிக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு ஒரு குறையும் இல்லை. பிறந்த கையோடு மாடியே அதிரும்படி அழுதது. தாய்க்குத்தான் ரத்தப்போக்கு நிற்கவில்லை. பிரசவ அறையிலிருந்து வெளியே வந்த டாக்டரம்மா ஒரு சீட்டை அவர் கையில் திணித்தார். ரத்த வங்கி தரைத்தளத்தில் இருக்கிறது, பொருத்தம் பார்த்துப் பை எடுத்து வைத்தாகிவிட்டது, ஒரு மணி நேரத்துக்குள் மேலே வந்தாக வேண்டும் என்றார். தாண்டினால் என்ன ஆகும் என்று மெக்கானிக் கேட்கவில்லை. டாக்டரம்மாவும் சொல்லவில்லை. கேட்காமலே தெரிகிற மாதிரிதான் அவர் முகம் இருந்தது.

குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு நாலு மாடியையும் படியிலேயே இறங்கினார். லிஃப்ட் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்காகக் காத்து நிற்கிற பொறுமை, பதினாறு வருடமாக லிஃப்டையே கட்டிக்கொண்டு அழுகிற ஆளுக்கு இல்லை.

ரத்த வங்கியின் முன்கூடத்தில் ஆளுயரக் கண்ணாடிக் கதவு வைத்த குளிர்பெட்டி ஒன்று விளக்கு எரிய நின்றது. உள்ளே தட்டுத் தட்டாக ரத்தப் பைகள். பாட்டில் போய்ப் பை வந்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, இருந்தாலும் எல்லோரும் பாட்டில் என்றுதான் சொல்கிறார்கள். மூன்றாவது தட்டில் ஒரு பையின் கழுத்தில் அட்டை தொங்கியது. அதில் அவர் மனைவியின் பெயரும், நாலாவது மாடி, பதினேழாம் படுக்கை என்றும் எழுதியிருந்தது. கையை நீட்டினால் எட்டிவிடும் தூரம். நடுவில் கண்ணாடியும், கண்ணாடியில் ஒரு பூட்டும், பூட்டுக்குப் பின்னால் ஒரு நிர்வாகமும் இருந்தன.

விதி எளிமையானது. ஒன்று எடுக்க ஒன்று கொடுக்க வேண்டும். எந்த குரூப்பாக இருந்தாலும் சரி, உறவினர் கொடுக்க வேண்டும். இதில் மெக்கானிக்குக் கருத்து வேறுபாடு இல்லை. மாமியாருக்குச் சர்க்கரை, மைத்துனன் இருப்பது ஒரு நாள் பயண தூரத்தில், ஆகவே நான்தான் என்று கேட்காமலே ஒப்புக்கொண்டு சட்டைக் கையை மடித்தார். சட்டைக் கையை இறக்கி விடுங்கள், முதலில் தகுதி என்றார் கவுன்ட்டரில் இருந்தவர்.

அறுபத்துநாலு கேள்விகள். வயது, எடை, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், காய்ச்சல், மாத்திரை, மஞ்சள் காமாலை, பச்சை குத்தியதுண்டா, பல் பிடுங்கியதுண்டா. இவை நியாயமான கேள்விகள். வாங்குகிறவருக்கு வியாதி போய்விடக் கூடாது, கொடுக்கிறவர் சுருண்டு விழுந்துவிடக் கூடாது. முப்பதாவது கேள்விக்குப் பிறகுதான் படிவம் தன் இஷ்டத்துக்குப் போகத் தொடங்கியது. இருட்டில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பீரா? கடந்த ஓராண்டில் எத்தனை முறை திடுக்கிட்டீர்? உமக்கு மிகவும் வேண்டியவர் யார், ஒருவர் மட்டும்? இந்தக் கடைசிக் கேள்விக்கு மனைவி என்று எழுதினார். எழுதியதற்கு மூன்று மதிப்பெண் குறைத்தார்கள் என்பது பிற்பாடுதான் தெரியும்.

எடை எழுபத்தொன்று. ஹீமோகுளோபின் பதினாலு. ரத்த அழுத்தம் பரவாயில்லை. எல்லாவற்றிலும் தேறிக்கொண்டே வந்தார். கடைசியாக விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். சிவப்பு எண் ஓடி, நின்றது. நூற்றிருபத்துநாலு. நாடித்துடிப்பு நூறைத் தாண்டினால் ரத்தம் எடுப்பதில்லை. கவுன்ட்டர்காரர் எண்ணைப் பார்த்துவிட்டு, மெக்கானிக்கைப் பார்த்துவிட்டு, ஏன் பயப்படுகிறீர்கள் என்று உண்மையான வியப்போடு கேட்டார்.

நூறைத் தாண்டினால் என்ன செய்ய வேண்டும் என்று மருத்துவப் புத்தகத்தில் ஒரே வரிதான் இருக்கிறது. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, பத்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இந்த வரியை எடுத்துக்கொண்டு பதினோரு வருடம் உழைத்து ஒரு தனிப் பிரிவையே எழுப்பியவர் தகுதி அதிகாரி. குட்டையான மனிதர். வெள்ளைக் கோட்டின் பையில் நாலு பேனா, ஒவ்வொன்றும் ஒரு நிறம். அவர் மெக்கானிக்கை நாற்காலியில் உட்கார்த்திவைத்துப் பேசினார். அவசரமே இல்லாமல் பேசினார்.

"தம்பி, ரத்தம்னா சும்மா இல்ல. பயந்தவன் ரத்தத்துல பயம் இருக்கும். அதை இன்னொருத்தருக்கு ஏத்தினா அவங்களும் பயப்படுவாங்க. இதை நான் வர்றதுக்கு முன்னாடி யாருமே யோசிக்கல. வந்தவன் போனவன் எல்லாம் கையை நீட்டிக்கிட்டிருந்தான். அப்ப இந்தப் பெட்டி எப்பவும் காலியாத்தான் கிடக்கும். வர்றதும் போறதுமா ஒரே சந்தைக்கடை. இப்ப பாருங்க. போன வருஷம் நாலாயிரத்து முந்நூறு பேர் வந்தாங்க. நாலாயிரத்து நூறு பேரைத் திருப்பி அனுப்பிச்சோம். பெட்டி எப்படி நிறைஞ்சு நிக்குது."

திருப்பி அனுப்பப்பட்டவர்களின் நோயாளிகள் என்ன ஆனார்கள் என்று மெக்கானிக் கேட்டார். அது வேறு துறை என்றார் அதிகாரி.

பிறகு விதியை விளக்கினார். மூன்று முறைதான் நாடி பார்க்கப்படும். மூன்றும் தவறினால் வாழ்நாள் தடை. ஒன்று முடிந்துவிட்டது. இதைக் கேட்டதும் மெக்கானிக்கின் நெஞ்சு இன்னும் வேகமாக அடித்தது. அதிகாரி அதைக் கவனித்து, இப்படிப் பயந்தால் எப்படி என்று கடிந்துகொண்டு அமைதிப் பிரிவுக்கு அனுப்பினார். மணி பதினொன்று இருபத்தெட்டு.

அமைதிப் பிரிவு நீளமான ஓர் அறை. சுவரை ஒட்டிப் பெஞ்சு. எதிர்ச்சுவரில், 'இங்கே பயப்படுவது தடை செய்யப்பட்டுள்ளது; மீறுவோர் மீது நடவடிக்கை எடுக்கப்படும்' என்று பெரிய எழுத்தில் பலகை. ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல், மூச்சை இழுங்கள், விடுங்கள், உங்கள் அன்புக்குரியவருக்கு இந்த நிமிடம் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதை நினைக்காதீர்கள் என்று நிமிடத்துக்கு ஒருமுறை நினைவுபடுத்தியது. பெஞ்சில் ஏழெட்டுப் பேர் வெளிறிப்போய் உட்கார்ந்து, சொன்னபடி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார்கள்.

வாசலிலேயே கைபேசியைப் பிடுங்கி ஒரு தகரப் பெட்டியில் போட்டார்கள். மேலே இருந்து செய்தி வந்தால் நாடி ஏறும். ஆகவே நாடி இறங்கும்வரை செய்தி கிடையாது. மெக்கானிக்குப் பதினெட்டு மாடிக் கட்டடங்களில், லிஃப்ட் கூண்டுக்கு மேலே ஏறி நின்று கம்பிக்கு எண்ணெய் விடுகிற தொழில். கீழே பார்த்தால் பாதாளம். அங்கே ஒருநாளும் அவர் கால் நடுங்கியதில்லை. இந்தத் தரைத்தளத்துப் பெஞ்சில் நடுங்கியது. முட்டி இரண்டையும் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். மேலே பதினேழாம் படுக்கையில் விரிப்பை எத்தனை தடவை மாற்றினார்கள் என்று அவர் பார்த்திருந்தார். மூன்று. இப்போது எத்தனையோ.

அப்போதுதான் தகரப் பெட்டிக்குள் ஒரு கைபேசி அடித்தது. அவருடையதுதான், அந்த மணியோசை வேறு யாரிடமும் கிடையாது. எழுந்து ஓடினார். மூடியின் இடுக்கு வழியாகத் திரையில் 'அத்தை' என்று தெரிந்தது. மாமியார் ஃபோன் போடத் தெரியாதவர். குழந்தையை வைத்துக்கொண்டு, யாரையோ போட்டுத் தரச்சொல்லிக் கூப்பிடுகிறார் என்றால் காரணம் இருக்க வேண்டும். நல்ல காரணமாகவும் இருக்கலாம். எடுத்துத் தாருங்கள் என்று காவலாளியைக் கெஞ்சினார். காவலாளி கல்லாக நின்றார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. 

அந்த நிமிடம் பார்த்துத்தான் இரண்டாவது அளவீட்டுக்கு அழைத்தார்கள். நூற்று முப்பத்தொன்பது.

அதிகாரிக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. கைபேசி அடித்ததும் நாடி பதினைந்து கூடியிருக்கிறது, தன் ஏற்பாடு எவ்வளவு சரி என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று பச்சைப் பேனாவால் குறித்துக்கொண்டார். பிறகு மெக்கானிக்கை மனநல ஆலோசகர் வசம் ஒப்படைத்தார்.

ஆலோசகர் மென்மையாகப் பேசுகிற பெண்மணி. பயத்துக்குக் காரணமே இன்னும் நடக்காததுதான் என்றார். ஆகவே கண்ணை மூடி, அது நடந்து முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்குத் திரும்பிப் போகிறீர்கள், கையில் குழந்தை மட்டும் இருக்கிறது, அலமாரியைத் திறக்கிறீர்கள், மனைவியின் துணிகள் மடித்தபடி இருக்கின்றன. மெக்கானிக் கண்ணைத் திறந்துவிட்டார்.   பாதியில் திறக்கக் கூடாது, கடைசிவரை போனால்தான் அமைதி வரும் என்று ஆலோசகர் வருத்தப்பட்டார்.

"மேடம், லிஃப்ட்ல ஆள் ஜாஸ்தி ஏறினா மணி அடிக்கும்," என்றார் மெக்கானிக்.  "ஒருத்தர் இறங்கினா வண்டி கிளம்பணும்னுதான் அந்த மணியை வச்சிருக்கோம். வண்டி கிளம்பவே கூடாதுன்னு இல்ல. மேல என் பொண்டாட்டி செத்துக்கிட்டிருக்கா. எனக்குப் பயமாத்தான் இருக்கும். பயமில்லாம இருந்தா நான் எதுக்கு இங்க வந்து நிக்கிறேன்?"

ஆலோசகர் இதைப் பொறுமையாகக் கேட்டு, ஒத்துழைக்க மறுக்கிறார் என்று எழுதிக்கொண்டார். மூன்றாவது அளவீடு பதினொன்று ஐம்பத்தைந்துக்கு. அதுவரை பெஞ்சில் இருக்கச் சொன்னார்.

பெஞ்சின் ஓரத்தில் ஒருவர் காலை நீட்டிச் சாவகாசமாகச் சாய்ந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். முன்னங்கைகளில் அடுப்புத் தட்டு சுட்ட பழைய தழும்புகள். பேக்கரியில் ரொட்டி போடுகிறவர். அந்த அறையில் ஒழுங்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது அவர் மட்டும்தான். மடியில் ஒரு காகிதம் இருந்தது. 'தகுதிச் சான்று, நாடித்துடிப்பு 68' என்று போட்டு, கோபுர அளவுக்கு ஒரு முத்திரை. மெக்கானிக்குப் பொறாமையாக இருந்தது. அவர் பக்கத்தில் நகர்ந்து, அண்ணே, இதை எப்படி வாங்கினீர்கள், எனக்கும் சொல்லிக்கொடுங்கள் என்று கிட்டத்தட்ட காலைப் பிடிக்கிற மாதிரிக் கேட்டார்.

பேக்கரிக்காரர் நீட்டிய காலை மடக்கிக்கொண்டார். அறையைச் சுற்றிப் பார்த்தார்.

"என் தம்பிக்கு வயித்துல ரத்தம் போயிட்டிருந்துச்சு. ஞாயித்துக்கிழமை வந்தேன். நூத்திப் பதினெட்டு. திங்கக்கிழமை நூத்தி முப்பத்தொண்ணு. மூணாவது தடவைக்கு இதே இடத்துல உக்காந்து மூச்சு விட்டுக்கிட்டிருந்தேன். செவ்வாய்க்கிழமை விடிகாலை அவன் போயிட்டான்."

அப்புறம் இந்தச் சான்று எதற்கு என்று மெக்கானிக் கேட்டார்.

மிச்சமிருந்த மூன்றாவது அளவீட்டை முடித்துக் கோப்பை மூடினால்தான் தம்பியின் இறப்புச் சீட்டு கையெழுத்தாகும் என்றார்களாம். அதற்காக இன்று வந்தார். கிளிப்பை மாட்டினார்கள். அறுபத்தெட்டு வந்தது. இந்த வருடத்திலேயே இவ்வளவு அழகான நாடி பார்த்ததில்லை என்று அதிகாரி எழுந்து கைகொடுத்தாராம். பக்கத்து அறையிலிருந்து இரண்டு பேரைக் கூப்பிட்டு எண்ணைக் காட்டினாராம். "போட்டோ வேற எடுத்தாங்க தம்பி," என்றார் பேக்கரிக்காரர். "சிரிக்கச் சொன்னாங்க. நானும் சிரிச்சேன். ஒண்ணுமே தோணல எனக்கு. மூணு நாளா அழுகைகூட வரல."

 அதிகாரியின் ஏற்பாடு எந்த இடத்தில் போய் முடிகிறது என்பது மெக்கானிக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது. இங்கே தேறுவதற்கு ஒரே வழிதான் இருந்தது. அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் ஆலோசகரின் அந்த அலமாரிக் கதை.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஐம்பத்துநாலு. காவலாளி அவரைப் பெயர் சொல்லி அழைத்தார். மெக்கானிக் எழுந்தார். மறுபடி உட்கார்ந்துவிட்டார். பேக்கரிக்காரர் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். மாடியில் யார் என்று கேட்டார். மனைவி, இன்று காலையில்தான் குழந்தை பிறந்தது என்று மெக்கானிக் சொன்னார். பேக்கரிக்காரர் சான்றிதழை எடுத்துக்கொண்டு அவருக்கு முன்னால் உள்ளே போனார்.

அதிகாரி முதலில் மறுத்தார். சான்று செல்லும், இன்று முழுவதும் செல்லும், அதில் சந்தேகமில்லை. ஆனால் மாற்று ரத்தம் தருகிறவர் உறவினராக இருக்க வேண்டும். படிவத்தில் 'உறவு' என்று ஒரு கட்டம் இருக்கிறது; அதைக் காலியாக விட முடியாது.

"அண்ணன்னு போடுங்க," என்றார் பேக்கரிக்காரர்.

"யாருக்கு அண்ணன்?"

"செவ்வாய்க்கிழமை வரைக்கும் நான் அண்ணனாத்தான் சார் இருந்தேன். அதை அப்படியே இந்தப் பொண்ணுக்குப் போட்டுக்கோங்க."

அதிகாரி விதிப்புத்தகத்தைப் புரட்டினார். உறவுக்கு அத்தாட்சி கேட்க வேண்டும் என்று எங்கும் இல்லை. பயப்படாத உறவினர் ஒருவர் வந்து நிற்பார் என்று அதை எழுதியவர்களே எதிர்பார்த்ததில்லை போலிருக்கிறது. அறுபத்தெட்டை விட்டுவிட அவருக்கும் மனமில்லை. நீலப் பேனாவை எடுத்தார்.

பேக்கரிக்காரருக்கு ஊசி போட்டது ஒரு சிஸ்டர். பை முழுசாக நிறைவதற்குள்ளாகவே பூட்டைத் திறந்து, மூன்றாவது தட்டிலிருந்து அட்டை தொங்கிய பையை எடுத்து மெக்கானிக்கின் கையில் வைத்து, ஓடுங்க என்று மட்டும் சொன்னார். பை சில்லென்று இருந்தது. அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நாலு மாடியையும் எப்படி ஏறினார் என்பது அவருக்கு இன்றுவரை ஞாபகமில்லை. மணி பன்னிரண்டு ஏழு. பிரசவ அறைக் கதவு இரண்டு விரல் அளவு திறந்து, ஒரு கை வெளியே வந்து, பையை வாங்கிக்கொண்டு மூடியது.

அதற்குப் பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. அதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமையாக இருந்தது. மாமியார் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நடைபாதையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தார். எதற்கு ஃபோன் பண்ணினீர்கள் என்று மெக்கானிக் கேட்டார். அவள் பேச்சை நிறுத்திவிட்டாள், அதனால்தான் என்றார் மாமியார்.

சற்றைக்கெல்லாம் பேக்கரிக்காரர் முழங்கையில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடி படியேறி வந்தார். ரத்தம் கொடுத்தவர் கால்மணி நேரம் எழுந்திருக்கக் கூடாது. அவர் எழுந்து வந்துவிட்டார். ஏறியதா என்று கேட்டார். தெரியவில்லை என்றார் மெக்கானிக். மாமியார் நடந்து களைத்துக் குழந்தையைப் பேக்கரிக்காரரிடம் நீட்ட, அவரும் எதுவும் யோசிக்காமல் வாங்கிக்கொண்டார். குழந்தை அவர் விரலைப் பிடித்தது. கதவைப் பார்த்தார். குழந்தையைப் பார்த்தார். மறுபடி கதவைப் பார்த்தார்.

"தம்பி, எனக்கு என்னமோ படபடங்குது," என்றார்.

படிக்கட்டில் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது. தகுதி அதிகாரி வந்துகொண்டிருந்தார். ஒரு கையில் கோப்பும் கிளிப்பும், இன்னொரு கையில் ரத்தம் கொடுத்தவருக்குத் தர வேண்டிய பிஸ்கட் பொட்டலம். கொடுத்த பிறகும் ஒருமுறை நாடி பார்த்தாக வேண்டும், அது இல்லாமல் கோப்பு முழுமையாகாது என்று திட்டிக்கொண்டே குழந்தையைப் பிடித்திருந்த கையின் விரலில் கிளிப்பை மாட்டினார். எண் ஓடியது. நூற்றிருபத்தேழு.

அதிகாரியின் முகம் செத்துப்போனது. அறுபத்தெட்டு போயே போய்விட்டது. கால்மணி நேரத்துக்குள் நாடி நூறைத் தாண்டினால் கொடுத்தது செல்லாது. கொடுத்தது செல்லாது என்றால் எடுத்ததும் செல்லாது. எடுத்த பையை உடனடியாகத் திருப்பித் தர வேண்டும் என்று அதிகாரி பிரசவ அறைக் கதவைத் தட்டினார். மெக்கானிக் கதவுக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். யாரையும் அடித்துப் பழக்கமில்லாத மனிதர். ஆனால் அன்றைக்கு அடித்திருப்பார்.

கதவு உள்ளேயிருந்து திறந்தது. பிரசவ அறை சிஸ்டர் முகமூடியைக் கீழே இழுத்தார். கையில் அந்தப் பை, காலியாக.

"முழுசா ஏறிடுச்சு. ரத்தம் நின்னுடுச்சு. கண்ணைத் தொறந்து குழந்தை எங்கேன்னு கேக்குறாங்க," என்றார். அதிகாரி நீட்டிக்கொண்டிருந்த கையைப் பார்த்து, இது உங்களுடையதா என்று காலிப் பையை அதில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

மெக்கானிக் சுவரோடு சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். பேக்கரிக்காரர் நின்றபடியே அழத் தொடங்கினார். மூன்று நாளாக வராத அழுகை. குலுங்கிக் குலுங்கி, குழந்தை நழுவிவிடுமோ என்று மாமியார் பதறி வாங்கிக்கொள்ளும் அளவுக்கு அழுதார். அதிகாரி அவர் அழுது முடிக்கும்வரை காத்திருந்தார். அழுகிறவரின் கையெழுத்து செல்லாது. பிறகு சிவப்புப் பேனாவைத் திறந்து, கோப்பில் 'தகுதியற்றவர்' என்று எழுதி, காரணம் என்ன என்று கேட்டார்.

"பயம்னு எழுதுங்க சார்," என்றார் பேக்கரிக்காரர், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தங்கச்சிக்கு என்ன ஆகுமோன்னு பயம்."